பாரீயின் வெண்கலமும் பாரீயின் கடனும்: ஒரு சிற்பியின் தொழில் வாழ்க்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

1848இல் அந்துவான்-லூயி பாரீ என்ற பாரிஸ் சிற்பி திவாலானார். அவர் பெயர் தெரியாத ஆள் இல்லை. அவர் செய்த சிங்கத்தை அரசரே வாங்கி துய்லரி தோட்டத்தில் நிறுத்தியிருந்தார். பாஸ்டில் சதுக்கத்தில் 1830 புரட்சியின் நினைவாக எழுப்பிய ஜூலைத் தூண் அடியிலும் அவருடைய சிங்கம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. லெஜியன் தோனர் என்ற பிரெஞ்சு அரசின் உயரிய விருது 1833லேயே வந்துவிட்டது. இவ்வளவு பெயர் வாங்கிய ஒருவர், ஐம்பதைத் தாண்டிய வயதில், தன் வார்ப்பாலையையும் தான் செய்த மாதிரிகளின் மேல் இருந்த உரிமையையும் இழந்து நின்றார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், அவருக்குக் கணக்கு வழக்கு தெரியாது என்பது. அது பொய்யில்லை, ஆனால் போதாது. என் பார்வையில் பாரீ தெரிந்தே ஒரு முடிவெடுத்தார். வெண்கலச் சிற்பம் பிரதி எடுக்கும் தொழிலாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு பிரதியும் என் கண்ணும் கையும் பட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று நின்றார். அவருடைய நஷ்டமும் புகழும் அந்த ஒரு முடிவிலிருந்துதான் கிளைவிட்டன. அதை எப்படி எடுத்தார், என்ன விலை கொடுத்தார், கடைசியில் யாருக்கு அது பயன்பட்டது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பட்டறையில் தொடங்கிய படிப்பு

பாரீ 1795இல் பாரிஸில் பிறந்தார். அப்பா பொற்கொல்லர். பையனை முறையான பள்ளிக்கு அனுப்பவில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே, ராணுவச் சீருடைகளின் உலோக அலங்காரங்களுக்கு எஃகில் அச்சு வெட்டும் ஃபூரியே என்பவரிடம் வேலை பழக விட்டார். அதன்பின் நெப்போலியனுக்குப் பொன், வெள்ளிப் பாத்திரங்கள் செய்துகொடுத்த பியென்னே என்ற பெரிய பொற்கொல்லரின் பட்டறை. 1812இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. அங்கேயும் அவரைப் போட்டது நிலப்பரப்பின் மேடுபள்ளங்களை மாதிரியாகச் செய்யும் பிரிவில்தான். துப்பாக்கியை விட உளிதான் கையில் அதிகம் இருந்திருக்கும்.

இந்த விவரங்களை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிற்பிகள் பலருக்குக் களிமண்ணில் உருவம் பிடிக்கத் தெரியும். அப்புறம் பளிங்கில் வெட்டுவதும் வெண்கலத்தில் வார்ப்பதும் கூலிக்கு வரும் வேறு கைவினைஞர்கள் வேலை. பாரீக்கு உலோகம் முதலில் வந்தது, சிற்பம் பிறகு வந்தது. அரம் போடுவது, உளியால் தட்டி மேற்பரப்பைச் சீர்செய்வது, நிறம் ஏற்றுவது எல்லாம் சிறு வயதிலேயே விரலில் ஏறிய வித்தை. இன்னொருவர் அதை அரைகுறையாகச் செய்தால் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

ராணுவத்திலிருந்து வந்ததும் 1816இல் சிற்பி போசியோவிடமும், பிறகு ஓவியர் க்ரோவிடமும் படித்தார். 1818இல் எக்கோல் தே போசார் என்ற அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பதக்கம் வெட்டும் போட்டியில், சிங்கத்திடம் சிக்கிய மிலோ என்ற மல்லனின் உருவத்துக்குப் பாராட்டு கிடைத்தது. 1820இல் சிற்பப் பிரிவில் இரண்டாம் பரிசு. ஆனால் பிரெஞ்சுச் சிற்பி ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானித்த ரோம் பரிசு மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. அந்தப் பரிசு வாங்கினால் அரசு செலவில் இத்தாலியில் சில ஆண்டுகள் தங்கலாம். திரும்பி வந்ததும் அரசு வேலைகள் தானாகவே தேடி வரும். 1820களின் நடுவில் அந்த ஓட்டத்தை அவர் விட்டுவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ஃபோகோனியே என்ற பொற்கொல்லரிடம் வேலைக்குப் போனார். சின்னச் சின்ன மிருக உருவங்கள் செய்து கொடுக்கும் வேலை.

மிருகக்காட்சிசாலையும் பிணவறையும்

பாரிஸில் ஜார்தான் தே ப்ளாந்த் என்ற தாவரவியல் தோட்டத்துக்குள் 1794லிருந்தே ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கிறது. பக்கத்திலேயே விலங்கியல் அறிஞர் குவியே உருவாக்கிய ஒப்பீட்டு உடற்கூறியல் காட்சிக்கூடம். அங்கே எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்கும். பாரீ இந்த இரண்டு இடங்களையும்தான் தன் பள்ளியாக வைத்துக்கொண்டார். கூடவே வந்தவர் ஓவியர் தெலாக்ருவா. கூண்டுக்குள் உயிரோடு இருக்கும் மிருகத்தை வரைவார்கள். அது செத்தால் உடலை அறுத்துப் பார்ப்பதற்கும் போய் நிற்பார்கள். சிங்கம் செத்துவிட்டது, ஓடி வா, இந்த வானிலையில் தாமதிக்க முடியாது என்று தெலாக்ருவா எழுதியனுப்பிய சிறு குறிப்பு இன்றும் இந்த நட்பைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் சான்று.

பாரீ விட்டுச் சென்ற தாள்களில் அழகுக்காகப் போட்ட கோடுகளோடு அளவுகளும் நிறைய இருக்கின்றன. தோள்பட்டையிலிருந்து முழங்கால் எவ்வளவு, மண்டையோட்டின் அகலம் எவ்வளவு என்று எண்களை எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ அவர் போனதே இல்லை. அவர் செய்த புலி, யானை, மலைப்பாம்பு எல்லாம் பாரிஸில் கண்டவையும் அளந்தவையும்தான். ஆனால் ஒரு வேட்டையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. புலி முதலையைக் கடிப்பதைப் பார்த்ததில்லை. எலும்பும் தசையும் எப்படி வேலை செய்யும் என்ற அறிவிலிருந்து அந்தக் காட்சியை அவரே கட்டி எழுப்பினார். அளவெடுத்த ஆள்தான் இவ்வளவு துணிச்சலாகக் கற்பனை செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1831ஆம் ஆண்டு சலோனில், அதாவது நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் பாரிஸின் அரசுக் கலைக் கண்காட்சியில், அவர் வைத்த 'கரியாலைத் தின்னும் புலி' இதற்கு முதல் பெரிய சாட்சி. சுமார் ஒரு மீட்டர் நீளம். கரியால் என்பது கங்கையில் வாழும், ஒல்லியாக நீண்ட மூக்குள்ள முதலை. பிரான்ஸில் அன்று அதைப் பார்த்திருக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். புலி அதன் மேல் படுத்து அமுக்கிக் கடிக்கிறது, முதலை வலியில் வளைந்து வாயைப் பிளக்கிறது. இரண்டு உடல்களும் பின்னிக் கிடக்கின்றன, ஆனால் எந்தத் தசை யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். இரண்டாம் தரப் பதக்கம் கிடைத்தது.

சிங்கமும் பாம்பும்தான் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த சிற்பம். 1833 சலோனில் பிளாஸ்டரில் வந்தது. உயரம் 1.35 மீட்டர், நீளம் 1.78 மீட்டர். ஹொனோரே கோனோன் என்ற வார்ப்பாளரும் அவர் மகன்களும் மெழுகு முறையில், அதாவது மெழுகு உருவத்தைச் சுற்றி அச்சு கட்டி மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் உலோகம் ஊற்றி, அதை வெண்கலமாக வார்த்தார்கள். 1836இல் அது மறுபடி சலோனுக்கு வந்தது, பிறகு துய்லரிக்குப் போனது. இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிங்கம் ஒரு முன்காலால் பாம்பை மிதித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிப் பல்லைக் காட்டுகிறது. மிதித்த காலில் நகங்கள் வெளியே வந்திருக்கின்றன. இதில் எனக்குப் பிடித்த இடம் முதுகு. தலை ஆவேசத்தில் இருக்க, முதுகு சற்றே பின்வாங்குகிறது. பாம்பின் மேல் சிங்கத்துக்குக் கோபமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வீரத்தின் சின்னமாக மட்டும் சிங்கத்தைச் செய்துவந்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஒரு விலங்குக்கு விலங்கின் மனநிலையைக் கொடுத்தவர் இவர்.

அரசியல் வாசிப்பும் உண்டு. 1830 ஜூலைப் புரட்சி நடந்த நாட்கள் சிம்ம ராசிக்குரியவை. வானத்தில் சிம்மத்தின் கீழே நீண்டு கிடப்பது ஹைட்ரா என்ற பாம்பு விண்மீன் கூட்டம். அந்தப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி-ஃபிலிப் அரசர் இந்தச் சிங்கத்தை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். 1840இல் திறக்கப்பட்ட ஜூலைத் தூணில் பாரீயின் நடக்கும் சிங்கம் புடைப்புச் சிற்பமாக வந்ததற்கும் இதே ராசிக் கணக்குதான்.

1837: கதவு மூடிய ஆண்டு

அரசரின் மூத்த மகன் ஓர்லேயான் இளவரசர் 1834இல் ஒரு பெரிய வேலை கொடுத்தார். விருந்து மேசையின் நடுவில் அலங்காரமாக வைக்க வெண்கலத் தொகுப்பு. மொத்தம் ஒன்பது சிற்பங்கள்: ஐந்து வேட்டைகள், நான்கு விலங்குப் போர்கள். வேட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுக்காரர்களுடையவை. நடுவில் யானை மேல் அம்பாரியில் இந்திய வேட்டைக்காரர்கள், யானையின் பக்கவாட்டில் தொற்றி ஏறும் புலிகள். சுற்றிலும் சிங்கம், காளை, கரடி, கடமான் வேட்டைகள். வார்த்தவர்கள் மறுபடியும் கோனோன் குடும்பம்தான். மெழுகு முறையில் ஒரு முறை வார்த்தால் ஒன்றுதான், அச்சு உடைந்துவிடும். செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். உலோகம் ஒரு மூலைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மாதக்கணக்கான வேலை வீண். ஆனால் சிற்பி மெழுகில் விட்ட விரல் தடம்கூட வெண்கலத்தில் அப்படியே வரும்.

1837இல் இவற்றைச் சலோனுக்கு அனுப்பினார்கள். நடுவர் குழு மறுத்துவிட்டது. இது சிற்பம் இல்லை, பொற்கொல்லர் வேலை என்பது அவர்கள் கண்ணோட்டம். மேசை அலங்காரம், சிறிய அளவு, கருப்பொருள் மிருகம். இந்த மூன்றுமே கலை அகாதெமியின் படிநிலையில் கீழ்த்தட்டு. பாரீ போன்றவர்களை 'விலங்குச் சிற்பி' என்று விமர்சகர்கள் அழைக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்; பாராட்டாகச் சொல்லவில்லை. மனித உடலைச் செய்ய முடியாதவன் மிருகத்தைச் செய்கிறான் என்ற பொருள் அதற்குள் இருந்தது. இளவரசர் அப்பாவிடமே போய் முறையிட்டாராம். நடுவர் குழுவை நான் அமைக்க முடியும், தலைசிறந்த படைப்புகளை ஏற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது.

இந்த ஆய்வின் திருப்புமுனை இதுதான். சலோனில் இடம் இல்லை என்றால் பாரிஸ் சிற்பிக்கு வேறு கடைவீதியே கிடையாது. வாங்குபவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள், அரசு வேலை அங்கிருந்துதான் வரும், பத்திரிகைகள் அதைப் பற்றித்தான் எழுதும். பாரீ சலோன் பக்கமே போகாமல் நின்றுவிட்டார். 1850 வரை அங்கு எதையும் வைக்கவில்லை. அந்த இளவரசரும் 1842இல் வண்டி விபத்தில் இறந்துபோனார். ஆர்க் த த்ரியோம்ஃப் என்ற பாரிஸ் வெற்றி வளைவின் உச்சியில் மாபெரும் கழுகு ஒன்றை வைக்கும் திட்டமும் பேச்சளவில் வந்து போனது. பெரிய வேலைகளுக்கான வழி அடைபட்டபோது அவர் நேரடியாக வாங்குபவரிடம் போக முடிவு செய்தார். வீட்டில் வைக்கும் அளவில் சிறு வெண்கலங்கள், தன் பட்டறையிலேயே வார்ப்பு, தன் கையாலேயே விற்பனை.

எதிரே இருந்த சந்தை

பாரீ கடை போட்ட அதே ஆண்டுகளில் வெண்கலத் தொழில் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. அஷில் கொலாஸ் என்ற பொறியாளர் 1830களில் ஓர் இயந்திரம் கண்டுபிடித்தார். பெரிய சிலையின் மேல் ஒரு முள் ஊர்ந்து போகும். அதோடு இணைந்த இன்னொரு முனை, அதே வடிவத்தைச் சிறிய அளவில் செதுக்கிவிடும். ஃபெர்தினான் பார்பெதியன் என்ற வியாபாரி அவரோடு கூட்டுச் சேர்ந்து 1838இல் நிறுவனம் தொடங்கினார். மிலோ வீனஸ் என்ற பழங்காலக் கிரேக்கச் சிலையை வீட்டு அலமாரியில் வைக்கும் அளவில் விற்க முடிந்தது. புதிதாகப் பணம் பார்த்த நடுத்தர வர்க்கம் வரிசையில் நின்று வாங்கியது.

வார்ப்பும் அதற்கேற்ப மாறியிருந்தது. மெழுகு முறைக்குப் பதில் மணல் முறை. முதலில் வெண்கலத்திலேயே ஒரு தலைமை மாதிரி செய்வார்கள்; கழுத்து, கால், வால் என்று கழற்றிப் பூட்டும்படி துண்டுகளாக இருக்கும். ஒவ்வொரு துண்டையும் நயமான, இறுக்கமான மணலில் அழுத்தி அச்சு எடுத்து, உலோகம் ஊற்றி, பிறகு துண்டுகளைப் பொருத்துவார்கள். மாதிரி கெடாமல் இருக்கும் வரை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் மணலிலிருந்து வரும் வெண்கலம் கரடுமுரடாக இருக்கும். பொருத்திய இடத்தில் கோடு தெரியும். அதை அரத்தாலும் உளியாலும் சீர்செய்யும் ஆள்தான் அந்தப் பிரதியின் தரத்தைத் தீர்மானிப்பவர். பெரிய நிறுவனங்களில் இந்த வேலையைக் கூலிக்கு வைத்த செதுக்காளர்கள் செய்தார்கள். சிற்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, விற்பனைக்குத் தகுந்தபடி ஒரு பங்கு வாங்கிக்கொண்டு விலகிவிடுவார். நல்ல வருமானம் வரும் வழி.

பாரீயும் பெரும்பாலும் மணல் முறையைத்தான் பயன்படுத்தினார். தொழில்நுட்பத்தோடு அவருக்குச் சண்டை இல்லை. அந்தக் கடைசி வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன் என்றதுதான் வித்தியாசம். தலைமை மாதிரிகளை அவரே சீர்செய்தார், வந்த பிரதிகளை அவரே பார்த்தார். நிறம் ஏற்றுவதில் தீராத சோதனைகள்: கரும்பச்சை, பழுப்பு, பச்சைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கும் ஒரு கலவை. இன்றைக்கும் பாரீ பிரதியை அடையாளம் காண நிபுணர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பச்சையைத்தான். சில பிரதிகளில் தன் பெயர் முத்திரையோடு வரிசை எண்ணும் பதித்தார். எண்ணிட்ட பிரதி என்ற வழக்கம் வெண்கலத்தில் வேரூன்றுவதற்கு வெகு காலம் முன்பே அவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்.

என்னென்ன செய்தார்! நடக்கும் சிங்கம், நடக்கும் புலி, முயலைக் கவ்விய சிறுத்தை, மான்கள், கரடிகள், யானைகள், உள்ளங்கையில் அடங்கும் ஆமை, முயல். குதிரைமேல் வரலாற்று வீரர்கள். 1843இல், காளைத் தலை கொண்ட மினோட்டாரோடு போராடும் கிரேக்கப் புராண வீரன் தீசியஸ். மோன்பான்சியே இளவரசருக்காக, இறக்கைக் குதிரை மேல் பறக்கும் ரோஜரும் ஆஞ்செலிக்காவும் என்ற இத்தாலியக் காவிய மாந்தர்கள். அதோடு சேர்த்து வைக்க மூன்று தேவதைகள் தாங்கும் மெழுகுவத்தித் தண்டுகள். அவருடைய விலைப்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் இருந்தன. ஒரே மாதிரி இரண்டு மூன்று அளவுகளில், பீடம் மாற்றி, சில சமயம் காலின் நிலையையே மாற்றிக் கிடைக்கும். மெழுகுவத்தித் தண்டு செய்ததற்காக அவரைக் குறைத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். அதன் இலைகளைக்கூட அவர் சிங்கத்தின் பிடரிக்குக் கொடுத்த அதே கவனத்தோடுதான் செய்திருக்கிறார். நேரில் பார்ப்பவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல பிரதி ஒன்று அமைந்துவிட்டால் அதை விற்க மனம் வராமல், இதில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவாராம். கதையாகவே இருக்கட்டும். கதை பிறந்ததற்கான இடம் அவர் நடத்திய தொழிலிலேயே இருந்தது. ஒரு பிரதிக்குப் போகும் நேரம் அதிகம், விலையோ பெரிய நிறுவனங்களோடு போட்டியிடும் அளவில் வைக்க வேண்டும். உலோகத்துக்கும் கூலிக்கும் முன்பணம் தேவை. விற்கும் வேகம் குறைவு. இந்தக் கணக்கில் எந்த ஆண்டும் மிச்சம் நிற்காது.

கூட்டும் முறிவும்

1845இல் எமில் மார்த்தான் என்ற பணக்காரரோடு கூட்டுச் சேர்ந்து 'பாரீ நிறுவனம்' தொடங்கினார். வார்ப்பும் கலையும் பாரீயின் பொறுப்பு. பணமும் வியாபாரமும் மார்த்தானுடையது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் 1846, 47இல் பிரான்ஸில் விளைச்சல் பொய்த்து, பணப் புழக்கம் வற்றி, 1848 பிப்ரவரியில் புரட்சியே வந்துவிட்டது. அரசர் நாட்டை விட்டுப் போனார். அவரோடு பாரீயை ஆதரித்த அரச குடும்பமும் போனது. தெருவில் தடுப்பரண் எழும் நாட்களில் யார் வெண்கலப் புலி வாங்குவார்கள்? கடன் மேலேறி, மாதிரிகள் அனைத்தும் மார்த்தானின் பிடிக்குள் போயின.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டையோ கருவிகளையோ இழப்பது வேறு. தலைமை மாதிரி போனால், அந்தச் சிற்பம் இனி எப்படிப் பிறக்கும் என்பதில் சிற்பிக்குச் சொல் இல்லை. அடுத்த ஒன்பது ஆண்டுகள், 1857 வரை, பாரீயின் பெயரில் வார்ப்புகள் வெளிவந்தன. விற்பனையை நடத்தியவர் மார்த்தான். அந்தக் காலத்துப் பிரதிகளின் தரம் பற்றி நிபுணர்களிடையே ஒரே கருத்து இல்லை. மோசமானவை என்று எழுதியவர்கள் உண்டு. மார்த்தான் நேர்மையாகத்தான் நடத்தினார் என்று வாதிடுபவர்களும் உண்டு. மாதிரிகள் உருகிப் போகாமல், ஏலத்தில் சிதறாமல் ஒரே இடத்தில் இருந்ததற்கு மார்த்தான்தான் காரணம் என்பதை மறுக்க முடியாது. பாரீ கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி 1857இல் எல்லாவற்றையும் மீட்டார்.

குடும்பம் எப்படி ஓடியது? புதிய குடியரசு அரசு 1848இல் அவரை லூவரில் பிளாஸ்டர் அச்சு எடுக்கும் பட்டறையின் தலைவராக நியமித்தது. 1850இல் அந்த வேலை போய்விட்டது. 1854இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் விலங்கு வரைதல் ஆசிரியர் பதவி வந்தது. அவர் இளமையில் சிங்கத்தின் பிணத்தை அறுத்துப் பார்த்த அதே தோட்டத்தில். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரும் சிற்பியான ரோதான். பழைய கோட்டு போட்ட, அதிகம் பேசாத, பள்ளிக்கூட வாத்தியார் போலிருந்த அந்த மனிதரின் அருமை தனக்கு அப்போது புரியவில்லை, பிற்பாடுதான் புரிந்தது என்று ரோதான் சொல்லியிருக்கிறார். ரோதானின் உருவங்களில் தோலுக்கு அடியில் தசை அசைவது போல் ஒரு துடிப்பு தெரியுமே, அதற்கு வேர் எங்கே என்று தேடுபவர்கள் இந்த வகுப்பையும் பார்க்க வேண்டும்.

கடன் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள்தான் அவர் மிகச் சிறப்பாக வேலை செய்த ஆண்டுகள் என்பதும் கவனத்துக்குரியது. 1850 சலோனில் திரும்பி வந்து இரண்டு சிற்பங்களை வைத்தார். ஒன்று, பியானோர் என்ற சென்டாரின் முதுகில் ஏறி அவன் கழுத்தைப் பிடித்து ஆயுதத்தை ஓங்கும் தீசியஸ். மனித உடலைச் செய்யத் தெரியாதவன் என்ற பேச்சுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. பாதி மனிதன், பாதி குதிரை. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவே இல்லை. இன்னொன்று முயலைத் தின்னும் ஜாகுவார். சிங்கமும் பாம்பும் செய்த காலத்தில் அவர் ஒவ்வொரு ரோமத்தையும் செதுக்கினார். இந்த ஜாகுவாரில் ரோமமே இல்லை. பெரிய பெரிய தசைத் திரட்சிகள், பின்னோக்கி மடிந்த காது, இரையைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லாத ஒரு முகம். விட்டுவிடுவதில்தான் முதிர்ச்சி இருக்கிறது என்று இந்த இரண்டு மிருகங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரிகிறது. 1847இல் செய்த 'அமர்ந்த சிங்கம்' இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது எதனோடும் சண்டை போடவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைதிக்கு முன்னால் பாம்போடு உறுமும் சிங்கம் கொஞ்சம் இளமையாகத் தெரிகிறது.

1850களின் நடுவில் புதிய லூவர் கட்டடத்துக்காகப் போர், அமைதி, வலிமை, ஒழுங்கு என்று நான்கு கல் தொகுதிகளைச் செய்தார். 1855 உலகக் கண்காட்சியில் கலை வெண்கலத்துக்கான உயரிய பதக்கம் கிடைத்தது. அதைக் கொடுத்தது தொழில் பொருட்களுக்கான பிரிவு. மாதிரிகளின் உரிமை அப்போதும் அவரிடம் இல்லை. 1868இல் கலை அகாதெமி அவரை உறுப்பினராக ஏற்றது. 'மிருகக்காட்சிசாலையின் மைக்கேலாஞ்சலோ' என்று எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே அவரைப் புகழ்ந்ததும் பிரபலமாகிவிட்டது.

கடல் கடந்து வந்த வாடிக்கையாளர்

பாரீயின் பிடிவாதத்துக்குச் சரியான மதிப்புக் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். பால்டிமோர் நகரத்து வணிகர் வில்லியம் வால்டர்ஸ் 1860களில் பாரிஸில் இருந்தபோது பாரீயை அறிந்துகொண்டார். பாரிஸில் தங்கியிருந்த கலை முகவர் ஜார்ஜ் லூகாஸ் மூலம் தொடர்ந்து வாங்கினார். ஓர்லேயான் இளவரசரின் ஐந்து வேட்டைகளும் இன்று பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1870களில், வால்டர்ஸ் முயற்சியால், வாஷிங்டனின் கார்கோரன் கலைக்கூடம் பாரீ செய்த ஒவ்வொரு வெண்கலத்திலும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டது. சுமார் 120 உருப்படிகள். என் சொந்த நாடு எனக்கு இதைச் செய்யவில்லையே என்று கிழவர் நெகிழ்ந்தாராம். முதுமையில், முழு உரிமையோடு, தன் வாழ்நாள் வேலை முழுவதையும் தானே மேற்பார்த்து ஒரு முறை வார்த்துக் கொடுக்கும் வாய்ப்பு அது. இந்தக் கதையில் அவருக்கு உண்மையாகவே கிடைத்த பரிசு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

1875 ஜூன் 25 அன்று இறந்தார். கடைசி நாட்களில், வெண்கலங்களைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, உடம்பு தேறியதும் கையெழுத்தைக் கொஞ்சம் தெளிவாகப் போடுங்கள் என்றாராம். கவலைப்படாதே, இருபது வருஷத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்கள் என்று பாரீ பதில் சொன்னதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அவருக்குப் பின்

அந்தப் பேச்சு உண்மையானால், சிக்கலும் அங்கிருந்தே தொடங்கியது. 1876இல் அவருடைய பட்டறைப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளை உரிமையோடு வாங்கியவர் வேறு யாருமில்லை, பார்பெதியன். பாரீ வாழ்நாள் முழுக்க எந்தத் தொழில்முறைக்கு எதிராக நின்றாரோ, அதன் தலைசிறந்த நிறுவனம். ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பார்பெதியன் வார்ப்புகள் கவனமாகச் செய்யப்பட்டவை. நிறுவனத்தின் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும், யாரையும் ஏமாற்றவில்லை. பாரீ உலகம் முழுக்கத் தெரிந்ததற்கு அவையே பெரிய காரணம். விளிம்புகள் மட்டும் சற்றுச் சீராக, ஒரே மாதிரியாக இருக்கும். நிறமும் பிரதிக்குப் பிரதி மாறாது.

அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. முடிந்த வெண்கலத்தையே மாதிரியாக வைத்து அதிலிருந்து அச்சு எடுத்த திருட்டுப் பிரதிகள். இவற்றைப் பிடிக்க இயற்பியல் உதவுகிறது. உருகிய வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம்வரை சுருங்கும். எனவே பிரதியிலிருந்து எடுத்த பிரதி மூலத்தை விடச் சற்றுச் சின்னதாக இருக்கும். நுணுக்கங்களும் மழுங்கியிருக்கும். நகத்தின் ஓரம், காதின் உட்குழிவு, பீடத்தில் உள்ள கையெழுத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும். அச்சடித்தது போல் வழவழவென்று இருக்கும் பிடரி மேல் சந்தேகப்படலாம். இன்று பிரான்ஸில் 'அசல்' வெண்கலம் என்று சொல்ல எட்டுப் பிரதிகளும் கலைஞருக்கென்று நான்கும்தான் அனுமதி. பாரீ காலத்தில் அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆகையால் பாரீ விஷயத்தில் எத்தனையாவது பிரதி என்ற கேள்வியை விட, யார் முடித்த பிரதி என்ற கேள்விதான் பொருத்தமானது.

பாரிஸ் நகரம் 1894இல் சேன் நதியின் புனித லூயி தீவு முனையில் அவருக்கு நினைவுச் சின்னம் கட்டியது. பணம் சேர்ப்பதில் அமெரிக்க ரசிகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் பிடிக்குள் இருந்த பாரிஸில், பல சிலைகளோடு சேர்த்து அதன் வெண்கலப் பகுதிகளையும் எடுத்து உருக்கிவிட்டார்கள்.

பாரீயை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, துய்லரியிலிருந்து வந்த பெரிய சிங்கத்தைப் பார்த்த கையோடு லூவரிலேயே இருக்கும் சின்ன மாதிரிகளைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான். சேகரிப்பாளர் ஜாக் சூபலோஃப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடையாகக் கொடுத்தவை பல. பிளாஸ்டர் மேல் மெழுகு அப்பித் திருத்தியவையும், துண்டு துண்டாகப் பிரிக்கும்படி ஊசி போட்டுப் பூட்டிய வெண்கல மாதிரிகளும் பாரீயின் வேலையில் முக்கியமானவை. திருத்தம் எங்கே போட்டிருக்கிறார், எந்தத் தசையை மறுபடி ஏற்றியிருக்கிறார் என்று அவற்றில் கண்ணால் தொடர்ந்து போகலாம். வால்டர்ஸ் அருங்காட்சியகம்வரை போக முடிந்தவர்கள் புலி வேட்டைக்கு முன்னால் நேரம் ஒதுக்குங்கள். யானையின் மடிப்புத் தோலில் புலியின் நகம் பதிந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.